தொட்டி நிரம்பவில்லை என்றால் நிம்மதியா? கழிமுகக் கழிவுநீர் குறித்து வாசகர் கேள்விகள்

ஆறு கடலைச் சேரும் ஊர்களில் வாழும் வாசகர்கள், வீட்டுக் கழிவுநீரும் மலக்கசடும் கழிமுகங்களில் கலப்பது குறித்து அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, பகுதியை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீடு உப்பங்கழியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கட்டிய செப்டிக் டேங்க் இன்றுவரை நிரம்பியதே இல்லை. ஒருமுறைகூட லாரி வைத்து எடுத்ததில்லை. அவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருக்கிறோம் என்கிறார் கொத்தனார். அவர் சொல்வது சரியா?
(வாசகி, பரங்கிப்பேட்டை)

பதில்: தாங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அது தொட்டியாக வேலை செய்யவில்லை என்றே எண்ண வேண்டியிருக்கிறது. முறையாகக் கட்டிய செப்டிக் டேங்க் எப்போதும் நீர் நிறைந்த நிலையில்தான் இருக்கும். ஒரு பக்கம் எவ்வளவு நீர் நுழைகிறதோ, அவ்வளவு நீர் மறுபக்கக் குழாய் வழியே வெளியேறும். இடையில் ஓரிரு நாள் தேங்கி நிற்கும்போது கனமானவை அடியில் கசடாகப் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கசட்டில் ஒரு பகுதியைச் செரிக்கும். செரிக்காத மிச்சம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வருவதால், 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை எடுத்தே ஆக வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாக எடுக்கவும் இல்லை, பொங்கவும் இல்லை என்றால், கழிவு வேறு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த வழி பெரும்பாலும் தொட்டியின் அடிப்புறம்தான். கடலோர ஊர்களில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுபவற்றில் பல, அடியில் தளம் போடாமல் சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய குழிகளே. களிமண் நிலத்தில் அப்படி ஒரு குழி விரைவில் அடைத்துக்கொண்டு வீட்டுக்காரருக்குத் தொல்லை கொடுக்கும். மணலிலோ அது எந்தத் தொல்லையும் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மணல் வடிகட்டும் என்பது உண்மையே. ஆனால் அந்த வடிகட்டல், குழிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே ஈரம் குறைந்த, காற்றோட்டமுள்ள மணல் போதிய ஆழத்துக்கு இருந்தால் மட்டுமே நடக்கும். உறிஞ்சு குழியின் அடிக்கும் மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே சுமார் 2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதிமுறைகள் கேட்பதற்குக் காரணம் இதுதான். கழிமுகக் கரையில் அந்த 2 மீட்டர் கிடைப்பதில்லை. கடல்நீர் ஏறும் ஏற்றத்தின்போது நிலத்தடி நீரும் சேர்ந்து உயர்ந்து குழியின் அடியை நனைக்கிறது. கடல்நீர் இறங்கும் வற்றத்தின்போது அந்த நீர் குழியில் உள்ளதையும் இழுத்துக்கொண்டு உப்பங்கழியை நோக்கி நகர்கிறது. கண்ணுக்குத் தெரியும் சாக்கடை ஒன்றும் இல்லாததால், உப்பங்கழிக்கும் தங்கள் வீட்டுக்கும் தொடர்பே இல்லை என்று தோன்றும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. இருவர் உடனிருக்க, மூடியைத் திறந்து சிறிது நேரம் விட்டு, குனிந்து முகத்தைக் கொண்டுபோகாமல், நெருப்பு எதையும் அருகில் வைக்காமல், நீண்ட கம்பு ஒன்றால் நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். நீர்மட்டம் வெளியேறும் குழாயின் வாய்க்குக் கீழே நின்றால் தொட்டி கசிகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏற்ப அந்த மட்டம் மாறினால் ஐயத்துக்கே இடமில்லை. கொத்தனாரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை; அவரிடம் கேட்கப்பட்டது நிரம்பாத குழி, அதை அவர் கட்டித் தந்திருக்கிறார்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் செப்டிக் டேங்க் லாரிகள் இரவில் வந்து கழிமுகத்தை ஒட்டிய வாய்க்காலில் கசட்டைத் திறந்துவிட்டுப் போகின்றன. கேட்டால், இவ்வளவு பெரிய தண்ணீரில் ஒரு லாரி என்ன செய்துவிடும், கடல் வந்து அடித்துக்கொண்டு போய்விடும் என்கிறார்கள். இந்த வாதத்துக்கு என்ன விடை சொல்வது?
(மீனவர், கடலூர் மாவட்டக் கடலோரம்)

பதில்: கணக்கையே விடையாகச் சொல்லலாம். தொட்டியில் ஆண்டுக்கணக்கில் திரண்ட கசடு, சாதாரணச் சாக்கடை நீரைப் போன்றது அன்று. பல மடங்கு செறிவானது. நீரில் உள்ள அழுகும் பொருளைச் சிதைக்க பாக்டீரியாக்கள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்ற அளவால் குறிப்பார்கள். வீட்டுச் சாக்கடை நீரில் இது லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம். தொட்டிக் கசட்டில் பல ஆயிரம் மில்லிகிராம்.

அண்ணளவாக லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். 5,000 லிட்டர் கொண்ட ஒரு லாரி 25 கிலோ ஆக்சிஜனைக் கேட்கும் கழிவைக் கொட்டுகிறது. வெப்பமான கழிமுக நீரில் நல்ல நிலையிலேயே லிட்டருக்கு 6 மில்லிகிராம் அளவில்தான் ஆக்சிஜன் கரைந்திருக்கும். ஆகவே அந்த ஒரு லாரியின் கழிவு, 4,000 கன மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான நீரில் உள்ள ஆக்சிஜன் முழுவதையும் உறிஞ்சிவிடப் போதுமானது. 40 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு கழி என்றால், அதில் 100 மீட்டர் நீளத்துக்கு உள்ள நீர் அவ்வளவும். காற்றிலிருந்தும் பாசியிலிருந்தும் புதிய ஆக்சிஜன் சேர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் லாரிகள் வருவது இரவில். பாசிகள் ஆக்சிஜனை வெளியிடாமல் தாமும் சுவாசித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. விடியற்காலையில் மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாய் திறந்து தவிப்பதைத் தாங்கள் பார்த்திருக்கக்கூடும்.

கடல் அடித்துக்கொண்டு போகும் என்பதும் நம் கடற்கரைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. சோழமண்டலக் கரையில் கடல் ஏற்றவற்றம் சிறியது. சென்னைப் பக்கத்தில் பெரிய ஏற்ற நாள்களில்கூட ஏறத்தாழ 1 மீட்டர்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவைப் போல நாளுக்கு இருமுறை கழிமுகத்தையே கழுவிவிடும் ஏற்றம் நமக்கு இல்லை. வெளியே போன நீரில் ஒரு பகுதி அடுத்த ஏற்றத்தில் திரும்பவும் உள்ளே வருகிறது. கனமான கசடோ எங்கும் போவதில்லை. உவர்நீரில் நன்னீர்க் கழிவு கலக்கும்போது நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அங்கேயே படிந்துவிடும். மலத்திலிருந்து வரும் பாக்டீரியாக்கள் தெளிந்த உப்பு நீரிலும் வெயிலிலும் விரைவில் மடியும். கலங்கல் நீரிலும் சேற்றிலும் அவை நெடுநாள் பிழைத்திருக்கும். படகு ஓடினாலும், வலை இழுத்தாலும், மழை வெள்ளம் வந்தாலும் அந்தச் சேறு மறுபடியும் கிளம்பும்.

தமிழ்நாட்டில் கசடு ஏற்றும் லாரிகளுக்கு உள்ளாட்சி அமைப்பின் உரிமம் கட்டாயம். கண்ட இடத்தில் கொட்டுவது தண்டனைக்குரிய குற்றம். வண்டி எண்ணும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து, உரிமம் தந்த உள்ளாட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்துமூலமாகப் புகார் கொடுங்கள். ஓட்டுநரோடு இரவில் மோத வேண்டாம். அவரை அங்கே வரவைத்த காரணத்தைப் பற்றி இந்தப் பகுதியின் கடைசிக் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: சென்னையில் இத்தனை சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும் அடையாற்றின் முகத்துவாரம் ஏன் இன்னும் கறுத்தே கிடக்கிறது?
(வாசகர், பட்டினப்பாக்கம்)

பதில்: நிலையங்கள் இருப்பது உண்மை. நெசப்பாக்கம், கோயம்பேடு, பெருங்குடி, கொடுங்கையூர் ஆகிய இடங்களில் பெரிய நிலையங்கள் இயங்குகின்றன. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை, அதாவது வழக்கமான சுத்திகரிப்புக்கு மேலும் ஒரு படி வடிகட்டி, சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு நிலையம் தன்னை வந்தடையும் கழிவை மட்டுமே சுத்திகரிக்க முடியும். ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடிவரும் அடையாறு, கடலைத் தொடுமுன் தாம்பரம், அனகாபுத்தூர் போன்ற புறநகர்களைக் கடந்து வருகிறது. அங்கே பல பகுதிகளில் பாதாளச் சாக்கடை வருவதற்கு வெகுகாலம் முன்பே அடுக்குமாடிகள் நிறைந்துவிட்டன. அந்தத் தொட்டிகளிலிருந்து வழிவது மழைநீர் வடிகாலுக்குப் போகிறது. வடிகால் ஆற்றுக்குப் போகிறது. மழை பெய்து பல வாரங்கள் ஆன பிறகும் ஒரு மழைநீர் வடிகாலில் நீர் ஓடுகிறது என்றால், அது யாரோ ஒருவருடைய குளியலறை நீர் அல்லது தொட்டி நீர். வெயில் காலத்தில் அடையாற்றில் ஓடுவதில் பெரும்பகுதி இப்படிச் சேர்ந்ததுதான்.

இதோடு மணல் சேர்ந்துகொள்கிறது. தெற்கிலிருந்து வரும் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் கரையோர மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. ஆற்றில் வலுவான நீரோட்டம் இல்லாத மாதங்களில் அந்த மணல் பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே முகத்துவாரத்தைக் குறுக்கி, சில காலம் அடைத்தே விடுகிறது. வாய் மூடிய கழிமுகம் தேங்கிய குட்டையாகிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்து, சல்பைடு உருவாகிச் சேறு கறுக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழை அந்தச் சேற்றைக் கிளறிவிடும்போதுதான் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதக்கின்றன. மக்கள் மழையைக் காரணமாகச் சொல்வார்கள். மீன்களைக் கொல்லும் கடன் அதற்கு முந்தைய எட்டு மாதங்களில் சேர்ந்தது.

மணல்திட்டை வெட்டிவிடுவது தற்காலிக உதவியே. 2011ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, சுத்திகரிக்காத கழிவைக் கடலோர நீரில் விடுவதைத் தடை செய்ததோடு, அப்போது நடைமுறையில் இருந்தவற்றையும் இரண்டு ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்றது. அந்தக் கெடு முடிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆற்றங்கரை நடைபாதைக்கும் அலங்கார வேலிக்கும் செலவிடுமுன், ஒவ்வொரு வடிகாலின் வாயிலும் வறண்ட காலத்தில் வரும் நீரைத் தடுத்துச் சாக்கடைக் குழாய்க்குத் திருப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: புதிதாக வீடு கட்டுகிறோம். நான்கு அடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடுகிறது. செப்டிக் டேங்க் கட்டலாமா, இரட்டைக் குழிக் கழிப்பறை கட்டலாமா?
(வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்)

பதில்: தொட்டி கட்டலாம்; உறிஞ்சு குழி கூடாது. தொட்டியின் அடித்தளமும் பக்கச் சுவர்களும் கசியாத கான்கிரீட்டாக இருக்க வேண்டும். உள்ளே இரண்டு அறைகளுக்குக் குறையாமல் தடுப்புச் சுவர் வேண்டும். கழிவு 24 முதல் 48 மணி நேரம் தங்கும் கொள்ளளவு வேண்டும். கட்டிய பின் நீர் நிரப்பி ஒருநாள் வைத்து, மட்டம் இறங்கவில்லை என்பதைத் தாங்களே பார்த்த பிறகு கொத்தனாருக்குக் கடைசித் தவணையைக் கொடுங்கள். மூடியும் குழாய்வாயும் தங்கள் தெருவில் இதுவரை கண்ட மிக உயர்ந்த வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். பிளாஸ்டிக் தொட்டி வாங்கிப் புதைப்பதாக இருந்தால் அதைக் கான்கிரீட் தளத்தோடு பிணைக்க வேண்டும். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் கார்த்திகை மாதத்தில் அதைக் காலி செய்தால், பிணைக்காத தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு மேலே எழும்பிவிடும்.

தொட்டியிலிருந்து வெளிவரும் நீர்தான் இங்கே முக்கியமானது. தொட்டி எவ்வளவு நன்றாக இயங்கினாலும், அந்த நீரில் அழுகும் பொருளில் பாதிக்கு மேலும், நோய்க்கிருமிகளில் மிகப் பெரும்பகுதியும், நைட்ரஜன் ஏறத்தாழ முழுவதும் அப்படியே இருக்கும். அதை நிலத்துக்கு மேல் உயர்த்திக் கட்டிய, அடியில் கசியாத, சரளைக்கல் நிரப்பிய பாத்திக்குள் கிடைமட்டமாக ஓடவிட்டு, அதில் கல்வாழை, சம்பு, நாணல் ஆகியவற்றை வளர்க்கலாம். வேர்களைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. செடிகள் ஓரளவு சத்தை எடுத்துக்கொள்கின்றன. நீர் சரளையின் மேற்பரப்புக்கு வராமல் ஓடினால் கொசுத்தொல்லையும் இருக்காது. ஆரோவில்லில் பல குடியிருப்புகள் இந்த முறையில் தங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்து மரங்களுக்குப் பாய்ச்சுகின்றன. தனி வீட்டுக்கு இடம் போதாவிட்டால், பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து ஒரு பொதுப் பாத்தி அமைத்துக்கொள்ளலாம். செலவு குறையும், பராமரிப்பவர் யார் என்பதை மட்டும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று நிரம்பியதும் மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் இரட்டைக் குழியைத் தவிர்க்க முடியாவிட்டால், குழியை நிலத்துக்கு மேல் உயர்த்தி, அடியை அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் தடிமனுக்கு நுண்மணல் உறை போட வேண்டும் என்பது விதிமுறை. கிணற்றுக்கும் தொட்டியின் கழிவு உறிஞ்சப்படும் இடத்துக்கும் 18 மீட்டர் தொலைவு இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470. அதில் தங்கள் அண்டை வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளங்கள். நீரே ஊற்றாமல் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் கழிப்பறை இன்னொரு வழி. திருச்சி மாவட்டம் முசிறியில் அதை மக்கள் பல ஆண்டுகள் பயன்படுத்திக் காட்டியிருக்கிறார்கள். வெள்ளம் தேங்கும் கரைகளுக்கு அது மிகவும் பொருத்தமானது. வீட்டிலுள்ள அனைவரும் மனம் ஒப்பினால்தான் நிலைக்கும்.

கேள்வி: செப்டிக் டேங்கில் போடுவதற்குக் கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடியைப் போட்டால் கசடு எடுக்கவே தேவையில்லை என்கிறார்களே?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: தேவைப்படும் பாக்டீரியாக்கள் மலத்திலேயே வேண்டிய அளவு வந்துவிடுகின்றன. மணலும் சாம்பலும் செரிக்காத நாரும் எந்தப் பொடியாலும் மறைவதில்லை. பொடிக்குச் செலவிடும் பணத்தைக் கசடு எடுக்கச் சேர்த்து வையுங்கள். கழிப்பறையில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அள்ளி ஊற்றாமல் இருந்தாலே தொட்டியில் உள்ள உயிர்கள் தம் வேலையைச் செய்யும்.

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை ஆண்டு முழுவதும் திறந்து வைத்தால் வாவியில் சேரும் கழிவு கடலோடு போய்விடாதா?
(வாசகர், மட்டக்களப்பு)

பதில்: முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிக்கு ஓரளவு நன்மை கிடைக்கலாம், வாவி முழுமைக்கும் கிடைக்காது. ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமான, ஆழமற்ற ஒரு நீர்நிலை அது. பாலமீன்மடுப் பக்கத்தில் ஒரு வாயும் தெற்கே கல்லாற்றில் ஒரு வாயுமாகக் கடலைத் தொடுகிறது. வாயிலிருந்து விலகிய உட்பகுதிகளில் நீர் மாறுவதற்கு மிக நீண்ட காலம் எடுக்கும். மாரியில் வெள்ளத்தை வடியவிடுவதற்காக வாயை வெட்டுவது வேறு. கோடையிலும் திறந்தே வைத்திருப்பது வேறு. உப்பு உள்ளே ஏறினால் கரையோர வயல்களும் கிணறுகளும் பாதிக்கப்படும்; நீரின் உப்பு பருவத்துக்குப் பருவம் கூடிக் குறைவதை நம்பி வளரும் இறாலின் பருவமும் குலையும்.

புளியந்தீவு போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே சிறு வளவுக்குள் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே இருப்பதுதான் தாங்கள் முதலில் கவனிக்க வேண்டியது. அங்கே குழியிலிருந்து கசியும் நீர் வாவியை அடைவதற்கு முன்பே கிணற்றை அடைந்துவிடும். செப்டிக் தொட்டிகளுக்கென்று இலங்கையில் எஸ்.எல்.எஸ். 745 என்ற தர விதி இருக்கிறது. கட்டட அனுமதி கொடுக்கும்போது வரைபடத்தில் அதைப் பார்ப்பதோடு நில்லாமல், குழியை மூடுவதற்கு முன் வந்து பார்த்துக் கையெழுத்திடும்படி சபை உறுப்பினர்களிடம் வலியுறுத்துங்கள்.

கேள்வி: கழிமுகத்தில் அள்ளும் மட்டியையும் சிப்பியையும் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?
(வாசகி, பழவேற்காடு)

பதில்: நன்றாக வேகவைத்தால் கொடுக்கலாம், எங்கே, எப்போது அள்ளியது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மட்டியும் சிப்பியும் நாள் முழுவதும் நீரை வடிகட்டி உண்பவை. நீரில் மிக நீர்த்த நிலையில் இருக்கும் பாக்டீரியாவும் வைரஸும் அவற்றின் உடலில் செறிந்துவிடும். 1988ஆம் ஆண்டு சீனாவின் ஷாங்காய் நகரில், சாக்கடை கலந்த நீரில் வளர்ந்த மட்டியை அரைகுறையாக வெந்நீரில் காட்டி உண்டதால் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலை வந்தது. ஓடு திறந்ததும் அடுப்பிலிருந்து இறக்கிவிடுவது பலரின் வழக்கம். அது போதாது, ஓடு திறந்த பிறகும் ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். சதையின் உட்பகுதி 90 டிகிரி வெப்பத்தில் ஒன்றரை நிமிடமாவது இருக்க வேண்டும் என்பதே பாதுகாப்புக்கான அளவு. பெருமழைக்குப் பிறகு சில நாள்களுக்கும், வடிகால் வாய்களுக்கு அருகிலும் அள்ளாமல் இருப்பது நல்லது.

சிப்பி, மட்டி எடுக்கும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கலப்பைக் காட்டும் மலவழிக் கோலிஃபார்ம் பாக்டீரியா 100க்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடலோர நீர்த்தரம் வரையறுக்கிறது. அந்த அளவை நிறைவேற்றும் பொறுப்பு கழிவை விடுபவர்களுடையது. கையால் தடவி இறாலும் மட்டியும் எடுத்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களிடம் போய் அள்ளாதீர்கள் என்று சொல்வதோடு கடமை முடிந்ததாக எண்ணுவது பெரும் அநீதி.

கேள்வி: எங்கள் கிணற்று நீரில் செப்டிக் டேங்க் நீர் கலந்திருக்கிறதா என்று எப்படி அறிவது? நீர் தெளிவாகத்தான் இருக்கிறது.
(வாசகர், மரக்காணம்)

பதில்: தெளிவு ஒன்றையும் காட்டாது. ஹைட்ரஜன் சல்பைடு குப்பிச் சோதனை எளியது. மருந்திட்ட குப்பியில் நீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக் கலப்பு இருக்கும்பட்சத்தில் நீர் கறுத்துவிடும். 1980களின் தொடக்கத்தில் இந்திய அறிவியலாளர்கள் உருவாக்கிய முறை இது. சேற்றில் இயல்பாகவே சல்பைடு மிகுந்த உப்பங்கழி ஓரங்களில் இது தவறாகவும் கறுக்கக்கூடும் என்பதால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் மலத்திலிருந்து வரும் ஈ.கோலை பாக்டீரியா, நைட்ரேட் இரண்டையும் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சோதனையை ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது செய்யுங்கள். சித்திரையில் எடுத்த ஒரு நல்ல முடிவை நம்பி ஆண்டு முழுவதும் குடிக்க வேண்டாம்.

கேள்வி: லாரி வர முடியாத சந்தில் வீடு இருக்கிறது. ஆள் வைத்து எடுக்கலாமா?
(வாசகர், ராயபுரம்)

பதில்: கூடவே கூடாது. தொட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு கூடும்போது முகர்வு உணர்வையே மரத்துப்போகச் செய்து, சில மூச்சுகளில் ஆளை வீழ்த்திவிடும். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் அதே இடத்தில் உயிரை விடுகிறார்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பின்றி ஒருவரைத் தொட்டிக்குள் இறக்கினால் முதல் முறையே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். வேலைக்கு அழைத்த வீட்டுக்காரரும் இதில் அடங்குவார். இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. எந்தத் தொகையும் ஓர் உயிருக்கு ஈடாகாது. கழிவகற்றும் சேவைக்கான 14420 என்ற உதவி எண்ணை அழையுங்கள். நீண்ட குழாயும் கூடுதல் திறன் கொண்ட பம்பும் உள்ள வண்டியைக் கேட்டு வாங்குங்கள். சந்துக்கு ஏற்ற சிறிய வண்டிகளும் உண்டு.

கேள்வி: நான் கழிமுகக் கரையில் உள்ள ஒரு பேரூராட்சியின் கவுன்சிலர். பாதாளச் சாக்கடைக்கு எங்களிடம் பணம் இல்லை. கையில் இருப்பதை வைத்து எதை முதலில் செய்வது?
(கடலூர் மாவட்டம்)

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர் ஒன்றும் செய்ய இயலாத ஊர் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடலாம். மணற்பாங்கான, நீர்மட்டம் உயர்ந்த சிறு ஊரில் ஆழமான சாக்கடைக் குழாய் பதிப்பது செலவு மிகுந்தது. நீர் கசிந்து உட்புகுவதும், பம்புகள் பழுதாவதும் தீராத வேலை. தமிழ்நாடு அரசு 2014 செப்டம்பரிலேயே கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது; அதன் அடிப்படையில் செங்கல்பட்டுக்கு அப்பால் உள்ள கருங்குழி என்ற பேரூராட்சியில் 2017இல் மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கியது. அங்கே நாளொன்றுக்குச் சுமார் 23 ஆயிரம் லிட்டர் கசட்டைச் சுத்திகரிக்கலாம். தங்கள் ஊரைப் போன்ற ஓர் ஊர் செய்து காட்டிய வேலை அது. மன்ற உறுப்பினர்களை அழைத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

முதல் வேலை கணக்கெடுப்பு. வீட்டுக்கு வீடு போய், தொட்டியா உறைக் குழியா, அடித்தளம் உண்டா, வழியும் நீர் எங்கே போகிறது, கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று நான்கு கேள்விகள் கேட்டு வரைபடத்தில் குறித்தாலே, கழியை அதிகம் கெடுப்பது எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். எல்லா வீடுகளையும் ஒரே நேரத்தில் திருத்த இயலாது. கரையிலிருந்து முதல் இரண்டு மூன்று வரிசை வீடுகள், மீன் இறங்குதளத்தின் பொதுக் கழிப்பறை, பேருந்து நிலையம், உணவகங்கள், விடுதிகள், பள்ளிக்கூடங்கள் என்று வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். திருமண மண்டபத்தை மறந்துவிட வேண்டாம். ஆயிரம் பேர் வரும் ஒரு முகூர்த்த நாளில் அதன் தொட்டி ஒரு தெருவின் தொட்டிகளுக்குச் சமம்.

இன்னொன்றையும் தொலைநோக்கோடு எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் தீபகற்பம் முழுவதும் மணல்நிலம்; வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குச் செப்டிக் டேங்குகளே உள்ளன. அங்கே தொட்டிகள் விதிப்படி கட்டியவைதாம். ஆயினும் அவற்றிலிருந்து மணல் வழியே கசிந்த நைட்ரஜன் விரிகுடாக்களில் சேர்ந்து பாசியைப் பெருக்கி, மீன்குஞ்சுகள் வளரும் கடற்புல்லை அழித்துவிட்டது. 2023இல் அந்த மாநிலம் விதிகளைத் திருத்தி, ஊர்கள் தங்கள் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கென்று ஒரு திட்டம் வகுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர்கள் நைட்ரஜனை நீக்கும் அமைப்புக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல தொட்டி நோயைக் குறைக்கும். கழிமுகத்தைக் காக்க அதன் வெளிநீருக்கும் வழி செய்ய வேண்டும். கரையோர வரிசைகளுக்குப் பொதுச் சரளைப் பாத்திகளை இப்போதே திட்டமிட்டால், பின்னாளில் மிகப் பெரிய செலவு மிச்சமாகும். பிச்சாவரத்தின் அலையாத்தி மரங்கள் ஓரளவு சத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதற்காக அவற்றையே நம் வடிகட்டியாக வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2022இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம் அது.

கடைசியாக லாரிக்கு வருகிறேன். வீட்டுக்காரர் தொட்டி நிரம்பி வழிந்த பிறகுதான் லாரியை அழைக்கிறார். லாரிக்காரருக்குப் பணம் வீட்டு வாசலிலேயே கிடைத்துவிடுகிறது. சுத்திகரிப்பு நிலையமோ பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே போவதற்கான டீசலும் நேரமும் அவருடைய நட்டம். இந்த ஏற்பாடு இருக்கும்வரை, கண்காணிப்புக் கருவி பொருத்தினாலும் இருட்டில் ஒரு வாய்க்கால் அகப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆகவே கசடு எடுப்பதை அழைப்பின்பேரில் நடக்கும் வேலையாக விடாமல், தெருவாரியாக மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பேரூராட்சியே முறைவைத்து எடுக்கட்டும்; கட்டணத்தைச் சொத்துவரியோடு சிறு தவணைகளாக வாங்குங்கள். ஒவ்வொரு நடைக்கும் இரட்டை ரசீது போடுங்கள். ஒரு பாதியில் வீட்டுக்காரர் கையெழுத்திட வேண்டும். மறுபாதியில் சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலில் கொண்டுவந்த லிட்டர் அளவோடு கையெழுத்தாக வேண்டும். இரண்டு பாதியும் சேர்ந்த பிறகே லாரிக்காரருக்குப் பணம் என்று மன்றத்தில் தீர்மானம் எழுதுங்கள். நிலையம் வரை போய்வரும் டீசல் செலவையும் அந்தத் தொகையில் முழுமையாகச் சேர்த்துக் கொடுங்கள்.